படி யார் கையில் இருந்தது?

ரெண்டு நாளாக ஒரு காணொளி சுற்றிக்கொண்டிருக்கிறது. பணம் புழங்காத காலத்தில் நம் முன்னோர் நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கினார்கள், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஊரே நிம்மதியாக இருந்தது என்று ஒரு கனத்த குரல் சொல்கிறது. பின்னணியில் புல்லாங்குழல். எங்கள் பள்ளி நண்பர்கள் குழுவில் மட்டும் நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். நாலு பேரும் என்னோடு படித்தவர்கள், கிராமத்தில் வளர்ந்தவர்கள். அவர்களே இதை நம்புகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம் எங்கள் கிராமம். நான் சிறுவனாக இருந்தபோது மாவட்டம் பிரிக்கப்படவில்லை. திருவண்ணாமலையும் சேர்ந்து பெரிய வட ஆற்காடு. 1989-ல் அதைப் பிரித்தார்கள், 2019-ல் வேலூரை மறுபடி மூன்றாக்கினார்கள். நான் சொல்வது 1980-களின் முதல் பாதி. பணம் இருந்தது. ஆனால் தினப்படி கொடுக்கல் வாங்கலில் பாதி தானியத்தில்தான் நடந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு முறை கருவாட்டுக்கார அம்மா ஒருவர் கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். நெத்திலி, காரப்பொடி, வாளை. காசு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கொடுத்தால் இன்னும் சந்தோஷம். ஒரு படி மல்லாட்டைக்கு இத்தனை கை கருவாடு என்று பேச்சு. எங்கள் ஆயா (பாட்டி) விடமாட்டார்.

"உன் கை சின்னக் கைம்மா. என் கையால அள்ளிக்கிறேன்."

"அள்ளிக்கோ. அப்ப மல்லாட்டையை என் படியால அளப்பேன், சரியா?"

இருவரும் சிரித்துக்கொண்டேதான் பேசுவார்கள், ஆனால் ஒரு பொடிக் கருவாட்டைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பேரம் படியாவிட்டால் அந்த அம்மா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார். ஆயாவும் "போ, வெள்ளிக்கிழமை சந்தையில வாங்கிக்கிறேன்" என்பார். கால் மணி நேரத்தில் அந்த அம்மா திரும்பி வருவார், அல்லது ஆயா என்னை அனுப்பிக் கூப்பிடுவார். கடைசியில் கொசுறாக ரெண்டு காரப்பொடி விழும். யார் யாரை ஜெயித்தார்கள் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. இது நியாயமான மாற்று என்று அடித்துச் சொல்வேன். ஏனென்றால் ரெண்டு பேருக்கும் "வேண்டாம்" என்று சொல்லும் தெம்பு இருந்தது.

இலவம்பாடியிலிருந்து வரும் உறவுக்காரப் பெரியம்மாவும் அப்படித்தான். பை நிறைய முள் கத்தரிக்காய் கொண்டுவருவார், திரும்பும்போது எங்கள் மரத்து முருங்கையும் புளியும் போகும். அந்தக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்று அது எங்களுக்குப் பெரியம்மா கொண்டுவரும் காய், அவ்வளவுதான். அங்கே யாரும் அளந்ததில்லை.

இனி நான் சொல்ல வந்தது.

மல்லாட்டை அறுவடையில் செடியைப் பிடுங்கிப் புளியமரத்தடியில் குவித்துவிடுவோம். பெண்கள் காலையிலேயே வந்து சுற்றி உட்கார்ந்து காய் ஆய்வார்கள். விரல் நுனியெல்லாம் மண்ணேறிக் கறுத்துப்போகும். கூலி காசில்லை, காய்தான். பத்துப் படி ஆய்ந்தால் ஒரு படி. பத்துக்கு ஒன்று என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் புதிதாகப் பேச வேண்டியதில்லை. பொழுது சாயும்போது அளப்பு. தாத்தா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். படியைப் பிடித்து அளப்பது நான். பத்து வயது. அந்த வேலையைக் கொடுத்ததில் எனக்கு ஏகப் பெருமை.

முதல் படிக்கு "ஒன்று" என்று சொல்லக் கூடாது, "லாபம்" என்று சொல்ல வேண்டும். தாத்தா சொல்லிக்கொடுத்தது. லாபம், ரெண்டு, மூணு என்று நான் கணீரென்று எண்ணுவேன்.

எங்கள் பக்கம் வரும் ஒவ்வொரு படியையும் கும்பாக அளக்க வேண்டும். படியின் வாய்க்கு மேல் கோபுரம் மாதிரி காய் நிற்கும், ரெண்டு கையால் அணைத்துக்கொண்டுதான் சாக்கில் கொட்டுவேன். பத்து முடிந்ததும் அந்தப் பெண்ணின் முந்தானையில் ஒரு படி. அந்த ஒரு படியை மட்டும் தலைதட்ட வேண்டும். உள்ளங்கையை விளிம்பில் வைத்து ஒரே இழுப்பு. மேலே நின்ற காயெல்லாம் எங்கள் குவியலில் விழும்.

இதை நான் வளர்ந்தபிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓட்டோடு இருக்கும் மல்லாட்டையில் கும்பு என்பது கால் படியாவது வரும். ஒருத்தி ஒரு நாளில் நாற்பது படி ஆய்ந்தால் எங்களுக்கு வந்தது உண்மையில் ஐம்பது படி. அவளுக்குப் போனது தலைதட்டிய நாலு. வாய்ப்பேச்சு பத்துக்கு ஒன்று, கைக்கணக்கு பன்னிரண்டரைக்கு ஒன்று. ஒவ்வொரு பெண்ணிடமும், ஒவ்வொரு நாளும், அறுவடை முடியும் வரை. அந்தக் கை என் கை.

ஒரே ஒரு முறை ஒரு அக்கா வாய் திறந்து கேட்டார். "ஐயா, எங்களுக்கும் கும்பாவே அளக்கச் சொல்லுங்களேன்." தாத்தா கோபப்படவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "பிடிக்கலன்னா நாளைக்கு வராதேம்மா" என்றார். அந்த அக்கா மறுநாளும் வந்தார். அவர் வீட்டுக்காரர் எங்களிடம் கைமாற்று வாங்கியிருந்தார். வேறு எங்கே போவார்?

தாத்தா கெட்டவர் இல்லை. திருவிழாவுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார், பிரசவத்துக்கு வண்டி கட்டி அனுப்புவார். அதையெல்லாம் செய்த அதே மனிதருக்குப் படியைத் தலைதட்டுவது தப்பாகப் படவில்லை. அவருடைய அப்பாவும் அப்படித்தான் அளந்தார். மெட்ரிக் அளவைக்கு 1956-லேயே சட்டம் வந்துவிட்டது என்று பின்னால் படித்தேன். எங்கள் புளியமரத்தடிக்கு அது வந்துசேரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இதைவிட மோசம் மேரை. துணி வெளுப்பவருக்கும் முடி வெட்டுபவருக்கும் வருஷத்துக்கு இத்தனை மரக்கால் நெல், களத்தில் வைத்துக் கொடுப்பது. வருஷம் முழுக்கக் குடும்பத்துத் துணி மொத்தமும், தீட்டுத் துணி உட்பட. அந்த அளவை நிர்ணயித்தவர் யார், எந்தக் காலத்தில் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் அஞ்சு பேர் பத்துப் பேரானபோதும் மரக்கால் கூடவில்லை. மழை இல்லாத வருஷம் மட்டும் குறைந்தது. அந்தக் குடும்பம் "இனி உங்கள் வீட்டுத் துணி வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் ஊரில் இருந்திருக்க முடியுமா? முடியாது. இதையும் சேர்த்துத்தான் அந்தக் காணொளி "பண்டமாற்று வாழ்க்கை" என்கிறது. எனக்கு அதைக் கேட்கவே கூசுகிறது.

நாங்கள் ஏமாந்த கதையும் உண்டு. எங்கள் அம்மா கல்யாணத்துக்குக் கட்டியது ஆரணிப் பட்டு, அரக்கு நிறம், ரெண்டு பக்கமும் கனமான சரிகை. மடிப்பு மடிப்பாக விட்டுப்போய்க் கட்ட முடியாமல் பெட்டியிலேயே கிடந்தது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் ஒருவர் தெருவில் வந்தார். நைனாவின் (அப்பாவின்) ரெண்டு பேண்ட், ஒரு வாயில் புடவை, இந்தப் பட்டு, எல்லாம் சேர்த்து ஒரு எவர்சில்வர் அன்னக்கூடை. அவர் பேண்டை உதறி உதறிப் பார்த்து, "முட்டி தேஞ்சிருக்கேம்மா" என்று அரை மணி நேரம் பேரம் பேசினார். பட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மடித்தபடியே வாங்கி மூட்டையின் அடியில் வைத்தார். அம்மா கூட ஒரு டம்ளர் கேட்டார், அதையும் சட்டென்று கொடுத்துவிட்டார். அப்போதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சில வருஷம் கழித்துத்தான் பழைய பட்டு வாங்கும் ஆட்கள் அசல் சரிகையை எரித்து வெள்ளி எடுப்பார்கள் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. பெரிதாகப் புலம்பவில்லை. அன்னக்கூடையை மட்டும் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். சோறு வடிக்க அதை எடுத்ததே இல்லை. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் தனக்குத் தெரிந்ததை எதிராளிக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு பேசுவது என் கணக்கில் ஏமாற்றுதான். முடி விஷயமும் அப்படியே. சீப்பில் வரும் முடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் சேர்த்துவைத்து, ஊசியும் பின்னும் பலூனும் வாங்குவோம். நம்மிடமிருந்து மூணு மணி தூரத்தில் திருமலையில் அதே முடியை ஏலம் போட்டுக் கோடிக்கணக்கில் விற்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு "அப்போ காசு வந்ததும் எல்லாம் நியாயமாகிவிட்டதா?" என்று கேட்பீர்கள். இல்லை. பழைய நகையைக் கொடுத்துப் புது நகை எடுத்துப் பாருங்கள். நம் தங்கத்தில் அழுக்கு, அரக்கு, கல் என்று கழிப்பார்கள், அவர்கள் தங்கத்தில் சேதாரம் என்று ஏற்றுவார்கள். அங்கேயும் ஒரு பக்கம் தலைதட்டு, ஒரு பக்கம் கும்புதான். ஆனால் ஒரு வித்தியாசம். ரசீது உண்டு, இன்றைய விலை பலகையில் எழுதியிருக்கிறது, பிடிக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். அந்த அக்காவுக்கு அந்தப் பக்கத்துக் கடை இல்லை.

பண்டமாற்றையே நான் வெறுப்பதாக நினைக்க வேண்டாம். இப்போதும் செய்கிறேன். ஊரில் இருக்கும் ஒரு ஏக்கர் நிலத்து வைக்கோலை மாடு வைத்திருக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டு, அவரிடமிருந்து ரெண்டு டிராக்டர் எரு வாங்கிக்கொள்கிறேன். இந்த வருஷம் வைக்கோல் விலை ஏறியிருந்தது. நான் கேட்கும் முன்பே அவர், "மாமா, இந்தத் தடவை ரெண்டு டிப்பர் போதாது, மூணு அடிச்சுடறேன். டிப்பர்ல ஏறிப் பாத்துக்குங்க, எவ்வளவு கீதுன்னு" என்றார். ஏறிப் பார்த்தேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அவர் வந்து என் வைக்கோல் போரைக் கலைத்து, உள்ளே நனைந்த கட்டு இருக்கிறதா என்று பார்த்தார். நானும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன தை மாதம் அந்த அக்காவைச் சந்தையில் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. பேரனோடு ஆடு வாங்க வந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைச் சொன்னேன். கும்பு, தலைதட்டு, பன்னிரண்டரைக் கணக்கு, எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியாமலா இருந்தோம் தம்பி? நீ கையை வச்சு இழுக்கும்போது நாங்க எல்லாரும் அந்தக் கையைத்தான் பாத்துக்கிட்டு இருப்போம்."

அப்புறம் பேரனைக் கூப்பிட்டு, வாங்கப்போகும் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார்.