பற்பசையைக் கீழே வையுங்க, அது என்ன கல்லுன்னு முதல்ல பாருங்க

"பழைய பிரஷ்ல கொஞ்சம் பற்பசை, மேல நாலு சொட்டு எலுமிச்சை, நல்லா தேய்ச்சா நகை புதுசு மாதிரி பளபளக்கும்." இந்தக் குறிப்பு இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சுத்திக்கிட்டே இருக்கப் போகுது? வீடியோவுல, குடும்பக் குழுவுல, எங்க பார்த்தாலும் இதே பாட்டு. தங்கமா, முத்தா, மரகதமா, வெள்ளியான்னு ஒரு கேள்வி கிடையாது. எல்லாத்துக்கும் ஒரே தேய்ப்பு. பார்க்கும்போதே வயிறு எரியுது.

பல்லுல படிஞ்ச கறையைச் சுரண்டுறதுக்காகவே பற்பசையில சிலிக்கா, சுண்ணாம்பு மாதிரி நுண்துகள்களைச் சேர்க்குறாங்க. கடினத்தை 1ல இருந்து 10 வரைக்கும் அளக்கற மோஸ் அளவுல பல் எனாமல் சுமார் 5. தங்கம் 2.5ல இருந்து 3 வரைக்கும்தான். 22 காரட்ல செம்பும் வெள்ளியும் கலந்திருக்கறதால கொஞ்சம் இறுகியிருக்கும், அவ்வளவுதான். எனாமலைத் தேய்க்கச் செஞ்ச பொருளை அதைவிட மிருதுவான உலோகத்து மேல போட்டுத் தேய்ச்சா வேற என்ன ஆகும்? அன்னைக்கு அழுக்கு போயிருக்கும், பளிச்சுன்னு தெரியும். 10 மடங்கு லென்ஸ்ல பாருங்க: கண்ணாடி மாதிரி இருந்த பரப்பு முழுக்க மயிரிழைக் கோடுகள். திரும்பத் திரும்பத் தேய்க்கத் தேய்க்க வெளிச்சம் சிதறி நகை மங்கிப் போகும். அப்போ "தங்கம் சரியில்லை"ன்னு செஞ்சவர் மேல பழி. போதாக்குறைக்கு, கல்லுக்கு அடியில இடுக்குல போன பற்பசை காய்ஞ்சு வெள்ளைக் கட்டியா உட்கார்ந்துக்கும். கல்லுக்குள்ள வெளிச்சம் போற வழியும் அடைஞ்சு போகும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்ச கதைதான்.

இதுல எலுமிச்சை, வினிகர் வேற. முத்தும் பவளமும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டா கரையும். முத்தோட பளபளப்பு மேல் அடுக்குல இருக்கு. அது அரிச்சுப் போனா எந்தப் பாலிஷாலயும் திரும்ப வராது. இன்னைக்கு விலை குறைவா விக்கிற மாணிக்கங்கள்ல நிறைய, விரிசல்ல ஈயக் கண்ணாடி நிரப்பினது. அந்தக் கண்ணாடியை எலுமிச்சைச் சாறே அரிச்சிடும். மாணிக்கம் கடினம் 9, அதுக்கு என்ன ஆகப்போகுதுன்னு கேட்குறாங்க. மாணிக்கத்துக்கு ஒண்ணும் ஆகாது, உள்ள நிரப்பியிருக்கறதுக்கு ஆகும்! கழுவி எடுத்தா விரிசல் கோடெல்லாம் வெள்ளை வெள்ளையா மேல தெரியும்.

மரகதத்தை நினைச்சாத்தான் மனசு ஆறமாட்டேங்குது. பெரும்பாலான மரகதத்துல இயற்கையாவே உள்ள விரிசல் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாம இருக்கத்தான் எண்ணெயோ பிசினோ ஏத்துறாங்க. தொழில்ல இது சாதாரணமா நடக்கறது, மோசடி இல்லை. ஆனா அந்த எண்ணெய் கல்லுக்குள்ள நிரந்தரமா இருக்கும்னு யாரும் சத்தியம் பண்ணலை. சுடுதண்ணி, சோப்புல ஊறவைக்கிறது, நீராவி, எல்லாமே அதை வெளியே இழுத்துடும். தெளிவா இருந்த கல் திடீர்னு மங்கி, உள்ள சிலந்தி வலை மாதிரி தெரியும். மரகதத்துக்கு வேண்டியது ஈரத்துணி ஒண்ணுதான். பிழிஞ்ச பருத்தித் துணியால துடைச்சு, உடனே காய்ஞ்ச துணியால ஒத்தி எடுக்கணும். ஏற்கனவே மங்கிப் போயிருந்தா, கல்லை நல்லா அறிஞ்சவர்கிட்ட கொடுத்து மறுபடி எண்ணெய் ஏத்தலாம். வீட்டுல சமையல் எண்ணெய் தடவுறது அதுக்கு மாற்று இல்லை.

அடுத்தது இந்த அல்ட்ராசோனிக் பெட்டி. யார் வேணும்னாலும் வாங்கலாம், தண்ணி ஊத்தி சுவிட்சைப் போட்டா போதும்னு சொல்லித்தான் விக்குறாங்க. தண்ணிக்குள்ள கோடிக்கணக்கான குமிழிகள் உருவாகி வெடிக்கிற அதிர்ச்சியிலதான் அது அழுக்கை எடுக்குது. அதே அதிர்ச்சி விரிசல் உள்ள கல்லை இன்னும் பிளக்கும், தளர்ந்த கல்லைக் கழட்டி விடும். நெருக்கமா பதிச்ச குட்டி வைரங்கள் ஒண்ணோட ஒண்ணு உரசி ஓரம் சிதறும். மரகதம், ஓபல், முத்து, பவளம், டான்சனைட், கண்ணாடி நிரப்பின மாணிக்கம், எதையும் அதுக்குள்ள போடக்கூடாது. பின்பக்கம் மூடி, கல்லுக்கு அடியில பளபளப்புத் தாள் வெச்ச குளோஸ் செட்டிங் நகையை அதுல மட்டுமில்லை, எந்தத் தண்ணியிலயுமே முக்கக்கூடாது. ஒரு சொட்டு உள்ள போனாலும் தாள் கறுத்து, கல்லே செத்த மாதிரி ஆயிடும்.

சரி, எதைத்தான் கழுவலாம்? கல் இல்லாத தங்கம், பின்பக்கம் திறந்த செட்டிங்ல இருக்கற வைரம், எதுவும் நிரப்பாத நீலக்கல், மாணிக்கம். கழுவுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை: நகையைக் காதுகிட்ட வெச்சு விரலால மெல்லத் தட்டுங்க. கிலுகிலுன்னு சத்தம் வந்தா ஏதோ ஒரு கல் ஆடுது. கல்லைப் பிடிச்சிருக்கற கொக்கி மேல மெல்லிய துணியை உரசிப் பாருங்க, நூல் மாட்டினா கொக்கி தூக்கியிருக்கு. இப்படிப்பட்ட நகையைக் கழுவவே கழுவாதீங்க. தளர்ந்த கல்லை அந்த அழுக்குதான் பிடிச்சு வெச்சிருக்கும். அழுக்கு போன மறுநாள் கல்லும் போயிடும்.

சோதனையில தேறிச்சுன்னா ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணி, கையை வெச்சா சுடக்கூடாது. வாசனை இல்லாத பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டு மூணு சொட்டு. 15 முதல் 20 நிமிஷம் ஊறட்டும். அப்புறம் குழந்தைங்களுக்கான மெத்து பிரஷ், அதையும் கல்லுக்குப் பின்பக்கத்துல இருந்து. வைரத்துல எண்ணெய்ப் பசை சுலபமா ஒட்டும். அழுக்கு சேர்றது பெரும்பாலும் அடிப்பக்கத்துல. எல்லாரும் மேல்பக்கத்தைத் தேய் தேய்னு தேய்ச்சிட்டு "இன்னும் மின்னலையே"ன்னு புலம்புறது இதனாலதான். அலசுறதுக்கு இன்னொரு கிண்ணம் வையுங்க. குழாய்க்கு அடியில ஓடுற தண்ணியில நகையைக் காட்டாதீங்கன்னு தொண்டை கிழியச் சொன்னாலும் கேட்குறவங்க கொஞ்சம் பேர்தான். நுரை வழுக்கும், வடிகால் குழி பக்கத்துலயே இருக்கும். கடைசியில பஞ்சு உதிராத துணியால ஒத்தி, முழுசா காய்ஞ்ச பிறகுதான் பெட்டிக்குள்ள போகணும்.

முத்து மாலைக்கு இந்தக் கிண்ண வேலையே கிடையாது. பட்டு நூல் தண்ணியை உறிஞ்சித் தொய்யும், முடிச்சுக்குள்ள அழுக்கு இறங்கும். சென்ட், ஹேர் ஸ்ப்ரே எல்லாம் அடிச்சு முடிச்சப்புறம் போடணும், வீட்டுக்கு வந்ததும் முதல்ல கழட்டணும், மெத்துனு இருக்கற துணியால துடைச்சுப் படுக்கவெச்சு வைக்கணும். தொங்க விட்டா நூல் நீளும். காத்துப் புகாத பிளாஸ்டிக் பையில ரொம்ப நாள் பூட்டி வெச்சா முத்து வறண்டு விரிசல் விடலாம்.

வெள்ளிக்கு அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போடுற முறை உண்மையிலேயே வேலை செய்யும். கறுப்பா இருக்கறது வெள்ளி சல்பைடு, அது திரும்ப வெள்ளியா மாறுது. ஆனா நகாசு வேலையில குழிவுகள் எடுப்பா தெரியணும்னு வேணும்னே கறுப்பு ஏத்தியிருப்பாங்க. அதுவும் சேர்ந்து போய் வேலைப்பாடே தட்டையா ஆயிடும். கல் வெச்ச வெள்ளிக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம்.

ஒயிட் கோல்டு மஞ்சளடிச்சா தேய்க்காதீங்க, அது அழுக்கே இல்லை. மேல இருக்கற ரோடியம்ங்கற வெள்ளை உலோகப் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழே. அது தேய்ஞ்சு அடியில உள்ள நிறம் தெரியுது, மறுபூச்சுதான் வழி. நீச்சல் குளத்துலயும் பிளீச் போடும்போதும் மோதிரத்தைக் கழட்டிடுங்க. குளோரின் கலப்பு உலோகத்தைத் தாக்கும், மெல்லிய கொக்கி விரிசல் விட்டு உடையும். அடிக்கடி பாலிஷ் போடுறதும் சேவை இல்லை. ஒவ்வொரு பாலிஷுக்கும் கொஞ்சம் உலோகம் போகுது, கொக்கி மெலியுது, முத்திரை அழியுது. ஒவ்வொரு நகைக்கும் தனித்தனிப் பை வேணும். வைரம் பக்கத்துல இருக்கற எதையும் கீறும், இன்னொரு வைரத்தையும்கூட.

இத்தனைக்கும் முதல் குற்றவாளி வாங்கினவர் இல்லை, விக்கிறவர். லட்சக்கணக்குல வாங்கிக்கிட்டு, கையில கொடுக்கற அட்டையில "வெதுவெதுப்பான நீரில் கழுவவும்"னு ஒரே வரி. எண்ணெய் ஏத்தின மரகதத்துக்கும் அதே அட்டை, மூடின செட்டிங்குக்கும் அதே அட்டை. கல்லுக்கு என்னென்ன பண்ணியிருக்குன்னு தெரியாம பாதுகாப்பா சுத்தம் பண்ண யாராலயும் முடியாது. அதனால வாங்கும்போதே கேளுங்க: எண்ணெய் ஏத்தினதா, கண்ணாடி நிரப்பினதா, துண்டுகளைச் சேர்த்து ஒட்டின கல்லா, செட்டிங்குக்கு அடியில தாள் இருக்கா. பதிலை வாயால வாங்காதீங்க, பில்லுலயே எழுதி வாங்குங்க. எழுதித் தர மாட்டேன்னு சொன்னா நகையை அங்கேயே வெச்சிட்டு வாங்க.