குடியை நிறுத்த மண்வெட்டி மட்டும் போதாது

'குடிப்பவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாதீர்கள். சரக்கை ஒரேயடியாக நிறுத்திவிட்டு ஏரி தூர்வார அனுப்புங்கள், வியர்வையிலேயே போதை இறங்கிவிடும்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. உயிருக்கே ஆபத்தான தவறு.

போதை வியர்வையில் இறங்காது. மதுவைப் பெரும்பாலும் சிதைப்பது கல்லீரல். பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதலில் கை நடுங்கும், தூக்கம் போகும். 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாள் கழித்து சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியலாம், காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்து உயிரே போகலாம். டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொள்கிறவரை வெயிலில் மண் சுமக்கவிடுவது என்ன நியாயம்? அந்த நாட்களில் அவருக்கு டாக்டரும், வலிப்பைத் தடுக்கும் மருந்தும், தயமின் (வைட்டமின் பி1) ஊசியும்தான் வேண்டும்.

சரி, ஊர் வேலையால் பயனே இல்லையா? நிச்சயம் உண்டு, அப்புறம். உடம்பு தேறியதும் மாலை 6 மணிதான் பெரிய சோதனை. அந்த நேரத்தில் மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பும், 'நாளைக்கும் வந்துடுங்கண்ணே' என்று கூப்பிட நாலு பேரும் இருந்தால் கால் கடைப்பக்கம் போவது குறையும். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் சென்னை டிடிகே போதை மறுவாழ்வு மருத்துவமனை நடத்திய குடி நிறுத்தும் முகாம்களில் ஊராரின் துணையும் இருந்தது, மருத்துவமும் இருந்தது.

வீட்டில் யாராவது நிறுத்த நினைத்தால் முதலில் 14446-க்குப் பேசுங்கள். மத்திய அரசின் இலவச உதவி எண்.