பெரியப்பா, எங்களுடையது விசாவுக்காக நடந்த திருமணம் அல்ல

சென்ற ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் எங்கள் உறவினர் வீட்டு வரவேற்பு மேடையில் பேசப்பட்டதை இங்கே மறுபடியும் விவரிக்க வேண்டியதில்லை. காணொளி எல்லாக் குடும்பக் குழுக்களிலும் சுற்றி வந்துவிட்டது. இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது அதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். "கொரோனாவுல வந்து மாட்டிக்கிட்டாரு, விசா முடியப்போவுதுன்னு நம்ம பொண்ணைக் கட்டிக்கிட்டுத் தப்பிச்சுட்டாரு" என்று பெரியப்பா ஒலிபெருக்கியில் சொன்னதும் மண்டபமே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். இத்தனை ஆண்டுகளாக இங்கே வாழ்பவருக்கு அந்தப் பேச்சு புரியாது என்று நினைத்திருந்தால் அது தப்புக் கணக்கு. ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்தது. பெரியவர்கள் சபையில் பேசும்போது முகத்தைத் திருப்பக் கூடாது என்று நாம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம், அதனால் சிரித்தார். அன்றிரவு ஏற்காடு திரும்பும்போது அடிவாரத்திலிருந்து 20ஆவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்களுடையது விசாவுக்காக நடந்த திருமணம் அல்ல. கோபத்தில் சொல்லும் மறுப்பாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்டு, மாதத்தோடு சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

2020 ஜனவரியில், எங்கள் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிப்பு முடியும் தறுவாயில், ஐரோப்பாக்காரரான என் கணவர் இ-டூரிஸ்ட் விசாவில், அதாவது இணையத்தில் விண்ணப்பித்து வாங்கும் சுற்றுலா விசாவில், வந்தார். அது அவருடைய மூன்றாவது வருகை. நாங்கள் ஒருவரையொருவர் அறிந்து அதற்குள் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் நாட்டுக்காரர்கள் அந்த விசாவில் ஒரு முறை வந்தால் தொடர்ந்து 90 நாள்தான் தங்கலாம் என்று அப்போது விதி இருந்ததால் ஏப்ரலில் கிளம்பியிருக்க வேண்டும். மார்ச் 22 அன்று பன்னாட்டு விமானங்கள் நின்றன, 25 முதல் நாடே பூட்டப்பட்டது. இதுவரைக்கும் பெரியப்பா சொன்னது சரிதான், அவர் மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் அந்த மேடையில் சொல்லப்படவில்லை.

திரும்பிப் போக வழியில்லாமல் நின்ற வெளிநாட்டவர்களின் விசாக் காலத்தை மத்திய உள்துறை அமைச்சகம் கட்டணமே இல்லாமல் நீட்டித்தது. முதலில் வாரக் கணக்கில் நீட்டித்தார்கள், பிறகு பன்னாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியதிலிருந்து 30 நாள் வரை என்று ஆக்கினார்கள். அதில் மணமானவர், மணமாகாதவர் என்ற பேதம் இல்லை. இணையத்தில் விண்ணப்பித்தால் போதும், யாரையும் மணந்துகொள்ளாமலேயே அவர் இந்த மலையில் சட்டப்படி இருந்திருக்கலாம். கோவாவிலும் ரிஷிகேஷிலும் எத்தனையோ பேர் அப்படித்தான் இருந்தார்கள். பிறகு எந்த விசாவுக்காக அவர் என்னை மணந்தார்?

போகவும் வழி இருந்தது. ஏப்ரலில் அவருடைய தூதரகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. சிறப்பு விமானத்தில் இடம் இருக்கிறது, விமான நிலையம் வரை வருவதற்குப் பயண அனுமதிக் கடிதமும் தருகிறோம், இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அலைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது காப்பி உலர்த்தும் களத்தின் கிழக்கு மூலையில் மட்டும்தான். அங்கே நின்றபடி இரண்டு முறை படித்துவிட்டு, அலைபேசியை என் கையில் கொடுத்தார். உங்கள் அம்மாவைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். அவருடைய அம்மா அப்போது 71 வயதில் தனியாக இருந்தார். அவர் பதில் சொல்லாமல், களத்தில் கடைசியாகக் காய்ந்துகொண்டிருந்த பழங்களைக் காலால் கிளறிவிட்டபடி நீளவாக்கில் ஒரு முறை நடந்து போய்த் திரும்பி வந்தார். பிறகு, நான் வரவில்லை, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று எழுதி அனுப்பினார். அந்த அம்மாவை அவர் மறுபடியும் நேரில் பார்த்தது 2022 ஏப்ரலில். இப்படிப்பட்ட ஒருவரைத்தான் தப்பித்தவர் என்று நீங்கள் அழைக்கிறீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கொரோனா எங்கள் முடிவை அவசரப்படுத்தியது உண்மை. அடுத்த ஆண்டு ஆற அமரச் செய்துகொள்ளலாம் என்றிருந்தோம். எல்லை எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், ஒரு முறை பிரிந்தால் எத்தனை மாதமோ எத்தனை ஆண்டோ என்ற பயம் எங்கள் இருவருக்குமே இருந்தது. அந்தப் பயத்தில் தேதியை முன்னுக்கு இழுத்தோம். தாத்தா படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பதற்காகத் தையில் வைத்திருந்த முகூர்த்தத்தை ஆவணிக்கே கொண்டுவருவதை நம் வீடுகளில் யாராவது பொய்க் கல்யாணம் என்று சொல்லியிருக்கிறோமா?

அப்பாவுக்கு இதில் ஒரு மனக்குறை இன்றும் உண்டு. அவர் காலமெல்லாம் சுயமரியாதைத் திருமணங்களுக்குத் தலைமை தாங்கியவர், என்னுடையதும் அப்படித்தான் நடக்கும் என்று நம்பியிருந்தார். அந்தத் திருமணங்களுக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஏற்பு கொடுத்தது இந்து திருமணச் சட்டத்துக்குள்தான் என்பதால், இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் அது செல்லும்; என் கணவர் இந்து அல்ல. அப்போது ஒருவர் வீட்டுக்கே வந்து, "ஒரு நாள்ல மதம் மாத்திச் சர்டிபிகேட் வாங்கிடலாம், மறுநாளே ரிஜிஸ்டர் பண்ணிடலாம், எதுக்கு இந்த அலைச்சல்?" என்று யோசனை சொன்னார். நம்பிக்கை இல்லாத ஒருவரைக் காகிதத்துக்காக மதம் மாற்றுவது நேர்மை இல்லை என்று அப்பா மறுத்தார், நாங்களும் மறுத்தோம். அந்த யோசனையைச் சொன்னவர், பெரியப்பா, நீங்கள்தான். காகிதத்துக்காகத் திருமணத்தை வளைக்கச் சொன்னது நீங்கள், அதைச் செய்ய மாட்டோம் என்றது நாங்கள். ஒலிபெருக்கி உங்கள் கையில் இருந்தது என்பதற்காக இது மாறிவிடாது.

ஆக, மதம் மாறாமலேயே மணந்துகொள்ள வழிசெய்யும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மனு கொடுத்தோம். அந்தச் சட்டத்தில் அவசரத்துக்கு இடமே இல்லை. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும், பிறகு அறிவிப்பு கொடுக்க வேண்டும், அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள், 30 நாள் வரை யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். ஜூன் மாதம் கொடுத்தோம். அவர் ஏற்கெனவே மணமானவர் அல்ல என்று தூதரகம் தர வேண்டிய சான்று மட்டும் வந்துசேரவில்லை. அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அந்த அறிவிப்பே செல்லாது என்கிறது 14ஆம் பிரிவு. செப்டம்பரில் அது காலாவதியானது. சான்று அதற்குப் பத்து நாள் கழித்து வந்தது. மறுபடியும் முதலிலிருந்து மனு, மறுபடியும் புகைப்படத்தோடு ஒட்டப்பட்ட அறிவிப்பு, மறுபடியும் 30 நாள். இரண்டாவது முறை யாரோ அந்தப் பலகையைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார்கள். என் முகத்துக்குக் கீழே எழுதப்பட்ட கருத்துகளை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆட்சேபிக்க வேண்டிய இடம் அதுதான். இரண்டு முறை, மொத்தம் 60 நாள், அரசாங்கமே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்தத் திருமணத்துக்குச் சட்டப்படி தடை இருந்தால் வந்து சொல்லுங்கள் என்று கேட்டது. அப்போது யாரும் வரவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு வரவேற்பு மேடையில், பிரியாணி வாசனையில், ஊரே கேட்கச் சொல்லத் தோன்றியிருக்கிறது.

நவம்பரில், பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கிய ஒரு காலையில், திருமண அலுவலர் முன்னால் மூன்று சாட்சிகளோடு நின்றோம். உறுதிமொழியை இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலும் சொல்லலாம் என்று சட்டம் இருக்கிறது. அவர் தமிழில்தான் சொல்வேன் என்றார். சட்டப்படியான மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன் என்ற வரியை ஒரு வாரம் பழகியிருந்தார். முகக்கவசத்தோடு சொன்னது காதில் விழவில்லை என்று அலுவலர் சொன்னதும், கவசத்தை இறக்கிவிட்டு, முதலிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். என் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பலர் நினைப்பதைப் போல அத்துடன் எதுவும் முடிந்துவிடவில்லை. திருமணச் சான்றிதழ் விசா ஆகிவிடாது. டூரிஸ்ட் விசாவிலிருந்து இந்தியரின் வாழ்க்கைத்துணைக்கான எக்ஸ்-2 விசாவுக்கு மாற்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இருவருடைய பின்னணி என்ன, உண்மையாகவே சேர்ந்து வாழ்கிறார்களா என்று உள்ளூர் விசாரணை நடக்கும். அவர் எங்கள் வீட்டில் தங்கிய முதல் நாளே, வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர்கள் அப்போது 24 மணி நேரத்துக்குள் தர வேண்டியிருந்த சி படிவத்தை நான் கொடுத்திருந்ததால் அந்தப் பக்கம் சிக்கல் எழவில்லை. விசாரிக்க வந்த காவலர் எங்களைவிடப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம்தான் அதிக நேரம் பேசினார். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்காங்களா?" என்று கேட்டதற்கு அந்தப் பாட்டி, "எனக்குக் காய்ச்சல்ல பத்து நாள் கஞ்சி வெச்சுக் கொடுத்தது அந்தத் தம்பிதான். அந்த வீட்டுப் புள்ளையப் பத்தி எங்கிட்டயே கேக்கறியா சாமி?" என்றார். காவலர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். என் உறவுகள் தர மறுக்கும் சான்றிதழை, எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டி அன்றைக்கே கொடுத்துவிட்டார்.

விளையாட்டுக்குச் சொன்னதைப் பெரிதாக்குகிறாய் என்பீர்கள். உலகத்தில் விசாவுக்காகத் திருமணம் செய்பவர்களே இல்லையா என்றும் கேட்பீர்கள். இருக்கிறார்கள், அதற்காகத்தான் அந்த விசாரணை, நாங்கள் அதை மனமார ஏற்றோம். தோட்டத்துக்காக வந்தவர் என்று ஓர் அத்தை எழுதியிருக்கிறார். அத்தை, இந்தியரை மணந்த வெளிநாட்டவர் பதிவுத் திருமணமாகி இரண்டு ஆண்டு கழித்துத்தான், விசா இல்லாமலே இங்கே வாழ வழிசெய்யும் ஓ.சி.ஐ. அட்டை கேட்க முடியும். அந்த அட்டை வந்தாலும் விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது, வாக்கும் இல்லை. குடியுரிமை வேண்டுமென்றால் ஏழு ஆண்டு இங்கே வசித்த பிறகு விண்ணப்பிக்க வேண்டும், தன் நாட்டுக் குடியுரிமையையும் விட்டுவிட வேண்டும். எங்கள் நான்கு ஏக்கர் காப்பியும் சில்வர் ஓக்கில் ஏறிய மிளகும் அப்பா பெயரில்தான் இருக்கின்றன.

ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு நம் விசா எதற்கு என்று எனக்காக வாதாடிய நண்பர்களுக்கு நன்றி. ஆனால் அந்த வாதம் எனக்கு வேண்டாம். என் பள்ளித் தோழி ஒருத்தி நம் மாவட்டத்து முகாமில் வளர்ந்த ஈழத்தமிழரை மணந்தாள். 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்களே, அந்த முகாம்களில் ஒன்று. உரிய ஆவணம் இல்லாமல் படகேறி வந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்கிறது குடியுரிமைச் சட்டம், அப்படிக் குறிக்கப்பட்டவர் இந்தியரை மணந்து எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும், மேலே சொன்ன ஏழு ஆண்டுப் பதிவு வழியில் குடியுரிமை கேட்க முடியாது. நம் மொழி பேசும் அவருக்குக் கிடைக்காதது என் கணவருக்குக் கிடைத்திருக்கிறது என்பது எனக்கு உறுத்துகிறது. பலம் வாய்ந்த கடவுச்சீட்டு இருந்தால் காதல், இல்லாவிட்டால் தந்திரம் என்று அளக்கும் தராசில் என் திருமணத்தை ஏற்றாதீர்கள்.

குடும்ப விஷயத்தை முகநூலில் எழுதலாமா என்று இந்நேரம் ஒருவராவது தட்டச்சு செய்யத் தொடங்கியிருப்பீர்கள். முந்நூறு பேர் முன்னால் ஒலிபெருக்கியில் பேசியபோது அது குடும்ப விஷயமாகத் தெரியவில்லையே. காணொளியைப் பகிர்ந்தபோதும் தெரியவில்லை. என் கணவர் சிரித்த முகத்தை மட்டும் பெரிதாக்கி ஒருவர் ஸ்டிக்கராகவே மாற்றியிருக்கிறார். அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில் அவர், "உங்க வீட்டுல எல்லாருமே அப்படித்தான் நினைக்கிறாங்களா?" என்று என்னிடம் கேட்டார். நம் வீட்டில் என்றுதான் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். உங்க வீட்டுல என்று சொன்னது அதுதான் முதல் முறை.

அந்த மண்டபத்தில் இன்னொருத்தியும் இருந்தாள். பெயர் சொல்லவில்லை, எங்கள் சித்தி வழிப் பெண். அவள் விரும்புகிறவர் வேறு நாட்டவர், அடுத்த மாதம் டூரிஸ்ட் விசாவில் வருகிறார். 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால் எல்லாம் கெடுபிடி ஆகிவிட்டதோ என்று ஏற்கெனவே கலங்கிப்போயிருந்தவள், உங்கள் சிரிப்பைக் கேட்டுவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். அன்றிரவு, "அக்கா, வீட்ல சொல்லவே வேணாம்னு தோணுது" என்று எனக்குச் செய்தி அனுப்பினாள்.

சனிக்கிழமை அவள் ஏற்காட்டுக்கு வருகிறாள். எங்கள் கோப்பை எடுத்து வைத்திருக்கிறேன்: காலாவதியான முதல் அறிவிப்பு, இரண்டாவது அறிவிப்பு, தூதரகச் சான்று, சி படிவத்தின் நகல், எல்லாமே இருக்கின்றன. மணமாகாச் சான்று கைக்கு வந்த பிறகுதான் அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பதை அவளுக்கு முதலில் சொல்ல வேண்டும். என் கணவர் களத்து மூலையில் இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன் என்றிருக்கிறார், அவள் அங்கிருந்தே தான் விரும்புகிறவரோடு பேசிக்கொள்ளட்டும் என்று.