ஆடி மாசம் என் மாசம்

"உங்களுக்கென்னண்ணே, வண்டியிலேயே வீடு, நினைச்ச ஊர்ல பொழுது விடியுது" என்று இன்பாக்ஸில் யாராவது எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். வேலையை விட்டுட்டு நானும் கேமராவோடு கிளம்பிடட்டுமா என்று கேட்கிற தம்பிகளும் உண்டு. தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் காசு. மலையும் வயலும் எடுத்தால் லைக் வரும், சோறு வராது. எனக்குச் சோறு போடுவது கல்யாணம்தான். முகூர்த்த மாசங்களில் மண்டபம் மண்டபமாக அலைந்து, ஆல்பம் முடித்துக் கொடுத்து, அந்தப் பணத்தில்தான் என் வீடான பழைய மாருதி ஆம்னி வேனுக்குப் பெட்ரோல். இதில் நம் ஊர்க் காலண்டர் செய்கிற உபகாரம் ஒன்று உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மண்டபம் பூட்டிக்கிடக்கிற அந்த ரெண்டு மாசமும்தான் தமிழ்நாட்டில் படம் எடுக்கத் தோதான மாசங்கள். ஆடியில் தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசிப் பக்கம் மேகத்தைத் தள்ளிவிடும். மார்கழியில் டெல்டாவில் மழை ஓய்ந்து சம்பா வயல் மேல் பனி படுத்திருக்கும்.

வண்டியில் வாழ்கிறவன் ஊர் ஊராக ஓடுகிறவன் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஓடுவதற்கு வேலையை விட வேண்டியதே இல்லை, சனி ஞாயிறு போதும். என் வண்டி பாதி நாள் ஓடுவதே கிடையாது. லாட்ஜ் வாடகை ஏறாமல் ஒரே இடத்தில் கிடக்கத்தான் அதை வாங்கினேன்.

சுரண்டை, சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஆடியில் ஒரு மத்தியானம் நின்று பாருங்கள். மேற்கே மலை தெரியாது, சாம்பல் மேகம்தான். சாரல் விழும், நிற்கும், மறுபடி விழும். திடீரென்று மேகம் ஓரிடத்தில் கிழிந்து, ஒரு வயல் அகலத்துக்கு மட்டும் வெயில் இறங்கி, காற்றுப் போகிற போக்கில் கிழக்கே ஓடும். ஒரு காற்றாலை பளிச்சென்று வெளுத்து அணையும், அடுத்தது வெளுக்கும். அவ்வளவுதான் நேரம். அதுக்காக வண்டியின் காற்று மறைவில் ட்ரைபாடை ஊன்றி, பையை அதில் பாரமாகத் தொங்கவிட்டு, லென்ஸைத் துடைத்துத் துடைத்து நிற்கவேண்டும். துடைக்கிற துணி நனைந்தால் கதை முடிந்தது, பனியனுக்குள் இன்னொன்று காய்ந்தபடி இருக்கும். பெரும்பாலான நாள் மேகம் கிழியவே கிழியாது. சூரியகாந்தி பார்க்க வருகிறவர்கள் அதற்குள் நாலு செல்ஃபி எடுத்து, நாலு செடியை மிதித்து, குற்றாலம் போய்ச் சேர்ந்திருப்பார்கள். வயலில் இறங்கச் சம்சாரி காசு கேட்டால் கொடுத்துவிட்டுப் போங்கள். அது அவர் வெள்ளாமை.

ஒரே இடத்தில் காத்துக் கிடக்கணும் என்று சொன்னால், நல்ல படம் போகிற வழியிலேயே கிடைக்கும் என்று அமெரிக்க இயற்கைப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 1941 நவம்பர் 1. நியூ மெக்சிகோவில் காரில் திரும்பி வரும்போது ஹெர்னாண்டஸ் என்கிற கிராமத்துக் கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில், பின்னால் நிலா. வண்டியை ஓரங்கட்டி எட்டுக்குப் பத்து கேமராவை நிறுத்துகிறார், வெளிச்சத்தை அளக்கிற லைட் மீட்டரைக் காணோம். நிலாவின் வெளிச்சம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது மனசில் இருந்ததால் கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். அடுத்ததற்கு ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவை மேல் வெயில் போய்விட்டது. வழியில் கிடைத்த படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே மனுஷன் 14 வயசில், 1916இல் முதன்முதலாகப் பார்த்த கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைப் பள்ளத்தாக்குக்குச் சாகிறவரை வருஷா வருஷம் போய்க்கொண்டிருந்தவர். அந்த 250 மனசில் ஏறினது ஒரு சாயங்காலத்து அதிர்ஷ்டத்தில் இல்லை.

ரீல்ஸில் வராத பாடுகளும் இருக்கின்றன. தனுஷ்கோடியில் ஒரு சாயங்காலம் நின்றால் ட்ரைபாட் காலைக் கழற்றி நல்ல தண்ணியில் அலசவேண்டும். விட்டால் மறுநாள் திருகும்போது உப்பும் மணலும் நறநறக்கும். கர்நாடகத்துப் பந்திப்பூர் காட்டு வழியாக ராத்திரி 9 மணிக்கு மேல் காலை 6 வரை போக முடியாது, கேட்டுக்கு இந்தப் பக்கமே படுக்கவேண்டியதுதான். பங்க் கக்கூஸைப் பற்றி எழுதினால் சாப்பிடும்போது படிக்கிறவர்கள் திட்டுவீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லணும். லாரிகளுக்கு நடுவில் வண்டியைப் போட்டு நான் நிம்மதியாகத் தூங்குவது ஆம்பளை என்பதால். இதே வேலை செய்கிற தோழி ஒருவர் ராத்திரி ரூம் போடாமல் தங்குவதே இல்லை. அவர் செலவில் பாதி அதுக்கே போகிறது. 'சுதந்திர வாழ்க்கை' என்று பதிவு போடுகிற பசங்க யாரும் இதை எழுதி நான் பார்த்ததில்லை.

கிளம்பட்டுமா என்று கேட்ட தம்பிக்கு: வேலையை விடாதே. உன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய் இருக்கும். ஆடியில் வறண்டு வெடித்துக் கிடக்கும்போது போ, கார்த்திகையில் நிரம்பும்போது போ, மார்கழிப் பனியில் போ. அதே கரை, அதே மரம். அடுத்த ஆடிக்கும் போகணும் போல இருந்தால் எனக்குப் போன் போடு. செகண்ட் ஹேண்ட் ஆம்னி பார்க்கும்போது தரைத்தகட்டில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க நானே வருகிறேன்.