சியெம் ரீப் பயணத் திட்டத்திலிருந்து நீக்க வேண்டிய ஒரு வரி

எங்கள் வட்டார இளையர் குழு கடந்த ஜூன் விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து கம்போடியாவின் சியெம் ரீப் பகுதிக்குத் தொண்டூழியப் பயணம் சென்று திரும்பியது. கிராமப் பள்ளி ஒன்றின் கழிவறையைப் புதுப்பித்தார்கள், நூலக அறைக்கு வண்ணம் பூசினார்கள், கடைசி இரண்டு நாள்களை ஒரு குழந்தைகள் இல்லத்தில் பாட்டும் விளையாட்டுமாகக் கழித்தார்கள். அந்தப் பயணத்துக்காக நிதி திரட்டிய பெற்றோரில் நானும் ஒருவன். பள்ளியில் நடந்த வேலையைப் பற்றி எனக்கு அதிக மனக்குறை இல்லை. (நம் பிள்ளைகள் பூசிய சுவரை உள்ளூர்க் கொத்தனார் மறுவாரமே சத்தமில்லாமல் சரிசெய்திருப்பார் என்பது வேறு கதை.) என்னை உறுத்துவது அந்த இல்லத்தில் கழிந்த இரண்டு நாள்கள்தான்.

"எங்களைப் பார்த்ததும் குழந்தைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள், புறப்படும்போது அழுதார்கள்" என்று எல்லாரும் நெகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். வீட்டில் வளரும் சிறு குழந்தை முன்பின் அறியாதவரைக் கண்டால் தாயின் பின்னால் ஒளிந்துகொள்ளும். ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டின் காப்பகக் குழந்தைகளை 2000ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், நிலையான பராமரிப்பாளர் இல்லாமல் வளர்ந்த குழந்தைகளில் பலர் அந்நியரிடம் தயக்கமே இல்லாமல் ஒட்டிக்கொள்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட குழந்தையிடம் இரண்டு நாள் பாசம் காட்டிவிட்டு விமானம் ஏறுகிறோம். அடுத்த குழு வந்து அதையே செய்கிறது. ஒவ்வொரு முறையும் பிரிவைத் தாங்க வேண்டியது அந்தக் குழந்தைதான்.

அங்கே இருப்பவர்கள் எல்லாரும் பெற்றோரை இழந்தவர்கள் என்ற எண்ணமும் சரியன்று. கம்போடிய அரசும் ஐநாவின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டுக் காப்பகங்களில் வாழ்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். 2005 முதல் 2010 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் காப்பகங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது. வறுமையில் இருக்கும் பெற்றோர், பிள்ளைக்குப் படிப்பும் மூன்று வேளைச் சோறும் கிடைக்கும் என்று நம்பி அனுப்புகிறார்கள். வெளிநாட்டவரின் வருகையும் நன்கொடையும் சேர்ந்து அந்த இல்லங்களை நிலைநிறுத்துகின்றன. எல்லா இல்லங்களும் மோசடி என்று நான் சொல்லவில்லை, மனச்சாட்சியோடு நடத்துவோரும் இருக்கிறார்கள். ஆனால் வருகையாளரின் பணத்தை நம்பி ஓர் இல்லம் இயங்கும்போது, பிள்ளைகளைக் குடும்பத்திடம் திருப்பி அனுப்ப அதற்கு என்ன அவசரம் இருக்கப்போகிறது? ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது, காப்பகங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் அக்கொடுமையின் ஒரு வடிவமாகக் கருதியது. 2019இல் ஐநா பொதுச் சபையின் தீர்மானமும் காப்பகத் தொண்டூழியம் விளைவிக்கும் தீங்கைக் குறிப்பிட்டது.

சிங்கப்பூரில் உள்ள ஒரு சிறுவர் இல்லத்துக்குள் வெளிநாட்டு மாணவர்கள் பேருந்தில் வந்திறங்கி, பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுத்து இணையத்தில் போட நாம் அனுமதிப்போமா? அந்தப் பிள்ளைகளின் முகத்தை வெளியிடவே விடமாட்டோம். சியெம் ரீப்பில் மட்டும் அது எப்படி அன்பாகிவிடுகிறது?

இளையர்கள் வெளிநாடு செல்லவே கூடாது என்பது என் கட்சியன்று. மழைக்கால வெள்ளத்தில் நனைந்த பள்ளிப் புத்தகங்களை ஆசிரியர்களோடு உட்கார்ந்து தரம் பிரித்தது பற்றி என் மகள் சொன்ன விவரங்களில், வேறொரு நாட்டின் வாழ்க்கையை அவள் கவனித்திருப்பது தெரிந்தது. இப்பயணங்களில் அதிகம் பெறுபவர்கள் நம் பிள்ளைகள்தான் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டால், குழந்தைகளுக்கு உதவுகிறோம் என்ற அலங்காரம் தேவைப்படாது. அந்த இரண்டு நாள்களையும் ஆசிரியர்களோடு செலவிடலாம், ஆண்டுதோறும் அதே பள்ளிக்குச் செல்லலாம், இல்லத்துக்கென ஒதுக்கிய தொகையைப் பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்தே படிக்க உதவும் உள்ளூர் அமைப்புக்கு அனுப்பலாம்.

அடுத்த பயணத்துக்கான கூட்டம் விரைவில் நடக்கவிருக்கிறது. இல்ல வருகை இல்லையென்றால் இளையர்களின் ஆர்வம் குறைந்துவிடும் என்று சில பெற்றோர் இப்போதே கவலைப்படுகிறார்கள். குறைந்தாலும் குறையட்டும், 'இல்ல வருகை' என்ற அந்த வரி பயணத் திட்டத்தில் இருக்கும்வரை நான் நிதி திரட்ட முன்வர மாட்டேன்.