முடக்குவாதம் மூட்டோடு நிற்பதில்லை

முடக்குவாதம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை மூட்டு வீக்கத்தையும் காலை நேர இறுக்கத்தையும் நன்றாகவே விளக்குகிறது. ஆனால் இந்த நோயோடு வரும் எலும்புப்புரைக்கு (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலை) அதில் ஒரே ஒரு வரிதானா?

என் அம்மாவுக்கு 11 வருடமாக இந்த நோய். வலி தாங்காத நாட்களுக்கென்று ஆரம்பித்த பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அப்படியே தினசரி வழக்கமாகிவிட்டது. போன வருடம் குளியலறையில் லேசாக வழுக்கிக் கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்தது. அப்புறம்தான் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். டி ஸ்கோர், அதாவது எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளம் வயதினரோடு ஒப்பிடும் எண், மைனஸ் 3.1. (மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரை என்று கணக்கு.) அதுவரை பார்த்த டாக்டர்கள் யாரும் அந்த ஸ்கேனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பழியை மாத்திரை மேல் மட்டும் போட முடியாது. நோயின் அழற்சியே எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. முறிவு அபாயத்தைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் கருவியில் ஸ்டீராய்டுக்கு ஒரு கேள்வி, முடக்குவாதத்துக்குத் தனியாக இன்னொரு கேள்வி இருக்கிறது. அதற்காக ஸ்டீராய்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. 3 மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்கள் எலும்பு அடர்த்தியைப் பற்றி டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

அம்மாவுக்கு இப்போது வருடம் ஒருமுறை எலும்புத் தேய்மானத்தைக் குறைக்கும் ஜோலிட்ரானிக் ஆசிட் ஊசி. குளியலறையில் கைப்பிடிக் கம்பியும் வைத்தாயிற்று.