பிரித்த நூல் எச்சில் இல்லைங்க

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டை நான் மறுபடி போடப் போவதில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கென்று நான் பின்னிக் கொடுத்த குல்லாக்களை, அங்கே பொருள் சேர்த்து அனுப்புகிறவர்கள் "பழைய துணியில் செய்ததை நாங்கள் கொடுப்பதில்லை" என்று பையோடு என் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். குரூப்பிலும் போட்டார்கள். கீழே கைதட்டல் வேறு.

அது துணி இல்லைங்க, நூல். பழைய ஸ்வெட்டரிலிருந்து பிரித்த நூல்.

ஓசூர் பழைய துணிக் கடையில் ஸ்வெட்டரைக் கையில் எடுத்ததும் உள்பக்கத் தையலைத்தான் பார்ப்பேன். துணியை வெட்டி ஓரத்தில் ஓவர்லாக் தையல் அடித்திருந்தால் கீழே வைத்துவிடுவேன். பிரித்தால் நூல் துண்டு துண்டாகத்தான் வரும். கண்ணியோடு கண்ணி, அதாவது பின்னல் வளையத்தோடு வளையம், கோத்து மூட்டியிருந்தால் அடித்தது யோகம். கழுத்துப் பக்கமிருந்து இழுத்தால் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு சுருண்டு வரும். அதைச் சிட்டமாக, பெரிய வளையமாகச் சுற்றி, அங்கங்கே கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு போட்டு ஊறவைத்து, அலசி, அடியில் கனம் கட்டித் தொங்கவிட்டால் சுருக்கு விடும். சந்தேகமாக இருந்தால் ஒரு துணுக்கைக் கொளுத்திப் பார்ப்பேன். முடி கருகும் நாற்றம் வந்து சாம்பல் நொறுங்கினால் ஆட்டு ரோமம். உருகிக் குண்டு கட்டினால் அக்ரிலிக் மாதிரி ஏதோ செயற்கை நூல். பிள்ளைகள் தலைக்கு அரிக்காத மெத்தென்ற நூல் மட்டும்தான். இத்தனைக்கும் அப்புறம்தான் ஊசியில் முதல் கண்ணி ஏறும். இதற்குப் பெயர் பழைய துணி!

நான் தளியில் வளர்ந்தவள். மார்கழிக் காலையில் அங்கே பள்ளிக்கூடம் போயிருந்தால் தெரியும். அக்காவுக்குச் சின்னதாகிவிட்ட ஸ்வெட்டரைப் பிரித்து, பற்றாததற்கு வேறு நூல் சேர்த்து அம்மா எனக்குப் பின்னினாள். நடுவில் ஒரு பச்சைப் பட்டை. டிசைன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் எச்சில் என்று சொல்லவில்லை.

"ஏழை என்றால் பழசைக் கொடுக்கலாமா?" என்று ஒரு சார் கேட்டிருந்தார். நல்ல கேள்விதான். சார், என் பேத்தி தலையில் இருப்பதும் அதே நூல்தான். போதுமா? சுத்தம் பற்றிக் கேட்பவர்கள், ஜவுளிக்கடையில் பத்துப் பேர் போட்டுக் கழற்றியதைத் துவைக்காமல் மாட்டிக்கொண்டு போகிறவர்கள். சந்தையில் புதுசே மலிவாகக் கிடைக்கிறதாம். வாங்குங்களேன், நான் தடுத்தேனா?

அப்புறம், என் குல்லாவைத் திருப்பியவர்கள் அனுப்பிய வண்டியில் கம்பளிகள் போயினவே, அந்த ரகம் ஹரியானாவிலுள்ள பானிபட் சரக்கு. வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் பழைய ஸ்வெட்டரையும் கோட்டையும் கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூலாக்கித்தான் அங்கே அதை நெய்கிறார்கள். மெஷின் பிரித்தால் புதுசு, நான் பிரித்தால் பழசு!

"வீட்டில் சும்மா இருப்பவர்களின் பொழுதுபோக்கு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு ஹார்ட் போட்டவர்களில் எத்தனை பேர் வீட்டில் என் குல்லா இருக்கிறது என்று எனக்குத் தெரியும். காசு வாங்கியதில்லை. உச்சியில் கண்ணி குறைத்துக் குறைத்து வரும்போது விரல் மூட்டு படும் பாடு எனக்குத்தான் தெரியும். சும்மா இருக்கிறேனாம்.

பையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்தப் பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவர் கேட்டுவிட்டார், வியாழக்கிழமை போகிறது. அடுத்த குளிருக்கு "அக்கா, நம்ம வீட்டுக்கு ரெண்டு" என்று இன்பாக்ஸுக்கு வருகிறவர்கள், தயவுசெய்து புது நூலும் பில்லுமாக வாருங்கள்.